வீசைக் கணக்கு

பயின்நவுங் சந்தையில்
கிலோ வந்த பிறகும் சாகாத சொல் வீசை.
ஊரில் அதை மறந்துவிட்டார்களாம்.
நாங்கள் இன்னும் அதில்தான் உளுந்து நிறுக்கிறோம்.

அடையாள அட்டையில் நான் கின் சான் யீ.
வீட்டில் அஞ்சுகம்.
மூன்றாவது பெயரை எவரும் வைக்கவில்லை.
பர்மியில் அயூ, தமிழில் பைத்தியம்.
காலையில் கண்ணாடி முன் தனாக்கா பூசும்போது
இரண்டு மொழியிலும்
நானே என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.
இரண்டுக்கும் நானே ஏன் என்பேன்.

யுவாதாஜீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது வருடம்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை, பாதியாய் உடைத்து.
வீட்டில் வைத்தால் அண்ணன் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று
சுண்ணாம்பு டப்பியில் போட்டு
கடைக்கும் கொண்டு போவேன்.
நான் வெற்றிலை போடுவதில்லை என்று
அங்கே எல்லோருக்கும் தெரியும்.
டப்பியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல ஏழு பொய் வைத்திருக்கிறேன்,
ஒன்பது வருடமாய் ஊசிப்போய்க்கொண்டிருக்கின்றன.

பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாய் இருந்தால்
என்னால்தான் என்று நினைப்பேன்.
யாராவது உட்கார்ந்தால்
பாவம், தெரியாது என்று நினைப்பேன்.

தீமிதி அன்று கடைசி வரிசை.
முன்னால் பவுனம்மா முடி அவிழ்ந்து ஆடுவாள்.
எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள், காலில் விழுவார்கள்,
பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் போடுவார்கள்.
அவள் ஆடினால் அருள்.
நான் தும்மினால் நோய்.
இந்தத் தீர்ப்பை எழுதியது யார் என்று
புரட்டிப் பார்த்தால்
கீழே என் கையெழுத்து.

முதலாளி செல்லப்பெருமாள்
பணப்பெட்டிச் சாவியை இரண்டு முறை நீட்டினார்.
"வேண்டாங்க, எனக்குச் சரிவராது."
"சோம்பேறிக் கழுதை" என்றார்.
அது எவ்வளவு இனித்தது என்று
அவருக்குத் தெரியாது.
எல்லோரையும் ஏசுவதுபோல் என்னையும் ஏசினார்.

போன வாரம் இருப்பில்
முப்பது வீசை உளுந்து குறைந்தது.
யாரும் வாய் திறக்குமுன்
"நான்தான் தப்பா எழுதியிருப்பேன்" என்றேன்.
நாயிங் தலை நிமிராமலே சொன்னான்:
"சரக்கு வந்த அன்னிக்கு நீ லீவு, அக்கா."

லீவுதான்.
அன்றைக்கு மாத்திரை வரிசையில் நின்றிருந்தேன்.
நான் வராத நாளின் குற்றத்தையும்
கையெழுத்துப் போட்டு வாங்கி
வீட்டுக்குக் கொண்டு போகப் பார்த்திருக்கிறேன்.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமி நின்றது.
கைபேசி வெளிச்சத்தில்
மூட்டைகளை மறுபடி எடை போட்டோம்.
வாங்குகிற தராசைப் புரட்டியபோது
தட்டுக்கு அடியில்
புளியும் சாக்குநூலும் தூசியும் சேர்ந்து
கல்லாய் இறுகிய ஒரு கட்டி.
எத்தனை மாதமாய் என்று யாருக்கும் தெரியாது.
இதுவரை நிறுத்ததெல்லாம்
அதையும் சேர்த்து.

நாயிங் கரண்டியால் சுரண்டினான்.
ஆளாளுக்குச் சிரித்தார்கள்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது ஆடியது, ஆடியது,
நடுவுக்கு வர அவசரமே காட்டவில்லை.

சாவியை இன்னும் வாங்கவில்லை.
மூன்றாம் முறை அவர் நீட்டவும் இல்லை.

மறுநாள் டீக்கடைக் குட்டை ஸ்டூலில்
சில்லறை தேடியபோது
டப்பி மேசைமேல் விழுந்தது.
"அக்கா எப்போ வெத்திலை போட ஆரம்பிச்சே?
கொஞ்சம் சுண்ணாம்பு குடு."
நாயிங் கை நீட்டியபடியே இருந்தான்.
ஏழு பொய்யும் வாய்வரை வந்து
ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றன.

"சுண்ணாம்பு இல்லை. மாத்திரை."
"தலைவலியா?"
"தலைதான்."

ம் என்றான்.
திரும்பி,
பக்கத்து மேசையில் சுண்ணாம்பு கேட்டான்.